புளியந்தீவும் புனிதத் தீவும்



ஆரையம்பதியிலிருந்து மட்டுநகருக்குப் போகிறவர்கள் காத்தான்குடியைத் தாண்டி, கல்லடிக்கு வந்து, பாலத்தில் ஏறியதும் ஒரு கணம் வாவியைப் பார்க்காமல் போவதில்லை. நானும் அப்படித்தான். 1924இல் லேடி மன்னிங் பாலம் எழுந்தது. அதற்கு முன்னர் எங்கள் பக்கத்து மக்கள் தோணியேறித்தான் நகருக்குப் போனார்கள். நகரின் நெஞ்சுப் பகுதியாக நீருக்கு நடுவே கிடப்பது புளியந்தீவு. அந்தத் தீவைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இன்னொரு தீவும் நினைவுக்கு வருகிறது. அது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ளது. அதன் கதையை இன்று சொல்லப் போகிறேன். சொல்ல வைத்தது ஒரு மாணவன் கேட்ட கேள்வி.

நான் ஆசிரியனாக இருந்த காலம். இலங்கைக்கு வந்த மிஷனரிமாரைப் பற்றிய பாடம். பின் வாங்கில் இருந்த பையன் எழுந்து, "சேர், வெள்ளைக்காரர் எப்பவும் வேதக்காரர்தானே? அவங்களுக்கு ஆர் போய்ச் சொன்னது?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று சரியான விடை இல்லை. அதைவிட, அந்தக் கேள்வியை நான் என் பள்ளிப் பருவத்தில் கேட்டிருந்தால் எவ்வளவோ மனவேதனை எனக்கு மிஞ்சியிருக்கும் என்பது உடனே உறைத்தது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னை நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் சேர்க்க வேண்டுமென்று அம்மா பிடிவாதமாக நின்றார். அம்மம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் ஒருவாறு இசைந்து, "படிக்கப் போ மனே. ஆனாப் பூசின திருநீற்ற மட்டும் அழிச்சிப் போட்டு வராத" என்றார். நான் அழிக்கவில்லை. ஆனால் அங்கே ஓர் ஆசிரியர், எங்கள் முன்னோர் கல்லையும் மரத்தையும் கும்பிட்ட காட்டுமிராண்டிகள் என்றும், கடல் கடந்து வந்தவர்களே எங்களை மனிதர் ஆக்கினார்கள் என்றும் ஒரு நாள் சொன்னார். எனக்குப் பன்னிரண்டு வயது. மறுமொழி தெரியவில்லை. வீடு வரும்போது முருகன் கோயில் வாசலில் நின்று அழுதேன். அதே பள்ளிக்கூடத்தில்தான் நான் ஆங்கிலமும் சரித்திரமும் கற்றேன் என்பதையும் மறைக்க முடியாது. நன்றியும் கோபமும் ஒரே மனத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நெடுங்காலம் இருந்தன.

மாணவனின் கேள்விக்கு விடை தேடிப் போனபோது கையில் அகப்பட்டது பீட் என்ற துறவியின் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பீட் நோர்தம்பிரியாவில், ஜாரோ என்ற இடத்து மடத்தில் வாழ்ந்தவர். ஆங்கிலேய மக்களின் திருச்சபை வரலாற்றை இலத்தீன் மொழியில் எழுதி 731இல் முடித்தார். 735இல் காலமானார். ஆங்கிலேயர் தம் தொடக்க காலத்தைப் பற்றி அறிந்திருப்பதில் பெரும்பகுதி இவர் தந்ததே.

 ஜேர்மானியக் கரைகளிலிருந்து பிரித்தானியாவில் குடியேறிய ஆங்கிலர், சக்சனியர் ஆகிய குலத்தார் வோடன், தோர் முதலிய தெய்வங்களை வணங்கியவர்கள். அவர்களுக்கும் கோயில்கள் இருந்தன. பலி இருந்தது. பூசாரிகள் இருந்தனர். இன்றுகூட ஆங்கிலக் கிழமைப் பெயர்களில் அந்தத் தெய்வங்கள் வாழ்கின்றன. நாம் புதன் என்று சொல்லும் நாள் அவர்களுக்கு வோடனின் நாள். நமது வியாழன் அவர்களுக்குத் தோரின் நாள். நமது வெள்ளி பிறிக் என்ற தேவியின் நாள். றோமர் கோள்களின் பெயரால் வைத்த கிழமைகளைத் தம் தெய்வங்களின் பெயரால் அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். அதே கோள்கள்தான் நம் கிழமைகளிலும் நிற்கின்றன. கல்லையும் மரத்தையும் கும்பிட்டவர்கள் என்று என் ஆசிரியர் எங்களைச் சொன்னபோது, அந்த வசையை ஆங்கிலேயரின் முன்னோரும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்கள் என்பதை அவர் அறிந்திருக்கவில்லைப் போலும்.

அவர்களிடம் முதலில் சென்றவர் அகுஸ்தீன். றோமாபுரியிலிருந்து பாப்பரசர் முதலாம் கிரகரி அனுப்பினார். 597இல் கென்ற் நாட்டில் இறங்கினார். கென்ற் அரசன் எதெல்பேட் வந்தவர்களை வீட்டுக்குள் அழைக்கவில்லை. கூரையின் கீழ் சந்தித்தால் மந்திரத்தால் மயக்கிவிடுவார்களோ என்ற அச்சம். வெட்டவெளியில் இருந்து கேட்டான். நீங்கள் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் புதிது. என் மக்கள் நெடுநாள் கைக்கொண்டதை நான் உடனே விட்டுவிட முடியாது. ஆயினும் தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், உணவும் இருப்பிடமும் தருகிறேன் என்ற கருத்துப்பட அவன் மறுமொழி சொன்னதாகப் பீட் எழுதுகிறார். இதைப் படித்தபோது எங்கள் ஊர் வன்னிமை ஒருவர் பேசுவது போலவே எனக்குப் பட்டது. அவனுடைய மனைவி பேர்த்தா ஏற்கெனவே கிறிஸ்தவப் பெண் என்பதையும் மறக்கக்கூடாது. பின்னர் அரசனும் மதம் மாறினான். அகுஸ்தீன் கன்ரபரியின் முதல் பேராயரானார்.

601இல் கிரகரி இன்னொரு கடிதம் அனுப்பினார். ஆங்கிலரின் கோயில்களை இடிக்க வேண்டாம். உள்ளிருக்கும் விக்கிரகங்களை மட்டும் அகற்றுங்கள். மக்கள் கூடிப் பழகிய இடத்திலேயே கூடட்டும். மாடறுத்து விருந்துண்ட திருநாட்களையும் புதிய பெயரில் விருந்தாகவே கொண்டாட விடுங்கள் என்பது அதன் சாரம். உயர ஏறுகிறவன் படிப்படியாகத்தான் ஏறுகிறான், பாய்ந்தல்ல என்பது அவர் கருத்து. விக்கிரகத்தை அகற்றச் சொன்னது எனக்கு உவப்பானதல்ல. ஆனால் ஒரு சனம் கூடும் இடத்துக்கும் நாளுக்கும் உள்ள வலிமையை அந்த மனிதர் அறிந்திருந்தார். வைகாசியில் கண்ணகி குளிர்த்திக்குக் கூடும் எங்கள் பகுதிச் சனத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வலிமை எதுவென்று விளக்க வேண்டியதில்லை.

இனி அந்தத் தீவுக்கு வருவோம்.

வடக்கே நோர்தம்பிரியாவில் பவுலினஸ் என்ற மேற்றிராணியார் 627இல் எட்வின் அரசனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 633இல் எட்வின் போரில் மாண்டான். பவுலினஸ் தெற்கே திரும்பிவிட்டார். கட்டியது கலைந்தது. அடுத்த ஆண்டு அரசைக் கைப்பற்றிய ஒஸ்வால்ட், இளமையில் நாடிழந்து அயர்லாந்து மொழி பேசும் மக்களிடையே வளர்ந்தவன். அங்கே மதத்தோடு மொழியையும் கற்றவன். அவன் றோமாபுரியைக் கேட்கவில்லை. தான் வளர்ந்த திசையில் உள்ள அயோனா என்ற தீவு மடத்துக்கே ஆளனுப்பினான்.

முதலில் ஒருவர் வந்தார். அவர் பெயர் கோர்மன் என்று பிற்கால மரபு சொல்கிறது. கடுமையான மனிதர். கொஞ்சக் காலம் போதித்தார். சனம் கேட்கவில்லை. திரும்பிப் போய், அந்த மக்கள் அடங்காதவர்கள், முரடர், அவர்களுக்குக் கற்பிக்க முடியாது என்று மடத்துச் சபையில் முறையிட்டார். கூட்டத்தில் இருந்த எய்டன் என்ற துறவி மெல்ல எழுந்து, சகோதரரே, குற்றம் அவர்களிடம் இல்லைப் போலும். குழந்தைக்குப் பால் கொடுப்பது போல இளகிய போதனையை முதலில் கொடுக்காமல் வல்லுணவைக் கொடுத்துவிட்டீர்களோ என்ற கருத்தில் கேட்டார். சபையின் கண்கள் எல்லாம் அவர்மேல் திரும்பின. அவரையே மேற்றிராணியாராக்கி அனுப்பினார்கள். அது 635ஆம் ஆண்டு.

எய்டன் தம் இருப்பிடமாகக் கேட்டது லிண்டிஸ்பார்ன் என்ற சிறு தீவை. நாளுக்கு இருமுறை கடல் ஏறி அதைக் கரையிலிருந்து பிரிக்கும். வற்றும்போது மணலில் நடந்து போகலாம். பின்னர் அதற்குப் புனிதத் தீவு என்றே பெயர் வந்தது. எய்டனுக்கு ஆங்கிலம் சரியாக வராது. அவர் அயர்லாந்து மொழியில் பேச, அரசன் ஒஸ்வால்ட் தானே எழுந்து நின்று தன் பிரதானிகளுக்கு மொழிபெயர்த்தான். அரசன் மொழிபெயர்ப்பாளனாக நிற்கும் இந்தக் காட்சியைச் சரித்திரத்தில் வேறெங்கும் நான் படித்ததில்லை.

எய்டன் பெரும்பாலும் கால்நடையாகவே திரிந்தார். வழியில் கண்டவர்களோடு ஏழை, செல்வர் என்று பாராமல் பேசினார். செல்வர் கொடுத்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார். அநியாயமாக விற்கப்பட்ட அடிமைகளை மீட்பதற்குச் செலவிட்டார். மீட்கப்பட்டவர்களிற் பலர் அவரிடமே கற்றார்கள். ஆங்கிலச் சிறுவர் பன்னிருவரைத் தெரிந்தெடுத்துப் படிப்பித்தார். அவர்களில் ஒருவரான ஈட்டா பிற்காலத்தில் அதே தீவின் மேற்றிராணியாரானார்.

குதிரைக் கதையை மட்டும் விரித்துச் சொல்கிறேன். டெய்ரா நாட்டு அரசன் ஒஸ்வின், ஆறுகளைக் கடக்க உதவும் என்று எய்டனுக்கு ஒரு சிறந்த குதிரையை, சேணம் முதலிய அலங்காரங்களோடு கொடுத்தான். எய்டன் போகும் வழியில் ஒரு பிச்சைக்காரன் கையேந்தினான். எய்டன் இறங்கினார், குதிரையை அலங்காரத்தோடு அப்படியே அவனிடம் கொடுத்துவிட்டார். செய்தி அரசனுக்கு எட்டியது. விருந்துக்குப் போகும்போது, பிச்சைக்காரனுக்குக் கொடுக்க மட்டமான குதிரை கிடைக்கவில்லையா, உமக்கென்று தெரிந்தெடுத்ததையா கொடுப்பது என்று மனத்தாங்கலோடு கேட்டான். குதிரையின் குட்டியா, கடவுளின் பிள்ளையா உமக்குப் பெரிது என்று எய்டன் திருப்பிக் கேட்டார். அரசன் பேசவில்லை. வேட்டையிலிருந்து வந்தவன், தீயருகே நின்று குளிர் காய்ந்தான். திடீரென்று வாளைக் கழற்றிப் பணியாளிடம் கொடுத்துவிட்டு, எய்டனின் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன் என்றான். விருந்தில் அரசன் மகிழ்ந்திருந்தான். எய்டனோ கண்ணீர் விட்டார். அருகிருந்த குரு தம் தாய்மொழியில் காரணம் கேட்டார். அரசனுக்கும் அவையோருக்கும் விளங்காத அந்த மொழியில், இவ்வளவு பணிவுள்ள அரசன் நெடுநாள் இருக்கமாட்டான், இந்த நாட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்று எய்டன் சொன்னார். அவ்வாறே 651 ஆகஸ்டில் ஒஸ்வின் கொல்லப்பட்டான். அதற்குப் பன்னிரண்டாம் நாள், ஆகஸ்ட் 31இல், மரக் கோயிலொன்றின் வெளிச்சுவர்த் தாங்குமரத்தில் சாய்ந்தபடி எய்டனும் உயிர் விட்டார்.

இலக்கிய நேயர்களுக்கு இதில் ஓர் எச்சம் உண்டு. எய்டனின் சொல் கேட்டு நோர்தம்பிரியாவில் தங்கித் துறவு வாழ்வைத் தொடர்ந்த அரசகுலப் பெண் ஹில்டா. அவர் விற்பியில் மடம் அமைத்தார். அந்த மடத்தில் மாடு பார்த்தவன் கட்மன். விருந்துகளில் யாழ் கைமாறி வரும். ஒவ்வொருவரும் பாட வேண்டும். யாழ் தன் பக்கம் வருவதைக் கண்டால் கட்மன் எழுந்து வெளியே போய்விடுவான், பாடத் தெரியாத வெட்கம். கூத்துக் களரியில் அண்ணாவியார் கண் தன்மேல் படுமோ என்று இருட்டில் ஒதுங்கும் நம்மூர்ப் பையன்கள் இல்லையா, அப்படி. ஓர் இரவு மாட்டுத் தொழுவில் கனவு கண்டு பாட்டுப் பிறந்தது. இலத்தீனில் அல்ல, அவன் பேசிய ஆங்கிலத்தில். பெயர் தெரிந்த முதல் ஆங்கிலப் புலவன் என்று இன்று போற்றப்படுபவன் அவனே. ஹில்டா அவனை விரட்டவில்லை; மடத்தில் சேர்த்துப் பாட வைத்தார். அயலார் கொண்டுவந்த மதம் உள்ளூர் மாட்டிடையனின் நாவில் உள்ளூர்ப் பாட்டாக மாறிய இடம் இது.

இப்போது நம் வாவிக்குத் திரும்புவோம். எய்டன் இறந்து 1,163 ஆண்டுகளுக்குப் பின், அந்த ஆங்கிலேயரின் சந்ததியார் நம் கரைக்கு வந்தார்கள்.

அவர்களை அழைத்துப் புறப்பட்டவர் கலாநிதி தோமஸ் கோக். யோன் வெஸ்லியால் 1784இல் அமெரிக்க மெதடிஸ்தரை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டு, அங்கே மேற்றிராணியார் என்று அழைக்கப்பட்டவர். அந்தப் பட்டப்பெயர் வெஸ்லிக்கே பிடிக்கவில்லை. கோக் அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பதினெட்டு முறை கடந்தவர். முதுமையில் கீழைத்தேசம் போக வேண்டும் என்ற வேட்கை பற்றிக்கொண்டது. தம் சொந்தப் பணத்தையே தருவதாகச் சொல்லிச் சபையைச் சம்மதிக்க வைத்தார். 1813 கடைசியில் கப்பலேறிய குழுவில் லிஞ்ச், ஸ்குவான்ஸ், எர்ஸ்கின், ஹாவார்ட், கிளவ், வில்லியம் ஓல்ட் ஆகியோர் இருந்தனர். பயணத்திலேயே ஓல்ட்டின் மனைவி இறந்தார். 1814 மே 3ஆம் திகதி காலை கோக் தம் அறையில் இறந்து கிடந்தார். இந்து சமுத்திரமே அவருக்குக் கல்லறையாயிற்று. இலங்கையை அவர் காணவேயில்லை.

தலைவனை இழந்தவர்கள் பம்பாய் சேர்ந்து, அங்கிருந்து ஐவர் 1814 ஜூன் 29இல் காலிக்கு வந்தார்கள். அங்கே கூடிப் பிரிந்தார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு, எர்ஸ்கின் மாத்தறைக்கு, கிளவ் காலியில். ஓல்ட்டுக்கு மட்டக்களப்பு. மற்றவர்கள் நகரங்களுக்குப் போனார்கள். மனைவியைக் கடலில் விட்டுவந்த இந்த மனிதர் தனியாகப் புளியந்தீவுக்கு வந்தார்.

அவருக்கு முன்னரே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய காலத்திலிருந்தே கத்தோலிக்கம் வாவிக்கரையில் வேரூன்றியது. 1638இல் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. ஆகவே ஓல்ட்டை முதல் கிறிஸ்தவர் என்று சொல்ல முடியாது. அவர் மேற்றிராணியாரும் அல்லர். அவர் செய்தது பள்ளிக்கூடம் தொடங்கியது. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் பிறப்பை அந்த 1814இலிருந்தே கணக்கிடுகிறது. ஓல்ட் ஓராண்டுகூட வாழவில்லை. நோயுற்று 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இறந்தார். இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

லிண்டிஸ்பார்னில் எய்டனுக்குப் பதினாறு ஆண்டுகள் கிடைத்தன. புளியந்தீவில் ஓல்ட்டுக்குக் கிடைத்தவை சில மாதங்கள். ஒருவர் வல்லரசின் நிழலில்லாமல், அரசன் அழைக்க வந்தவர். மற்றவர் ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்த நாட்டில், அந்த ஆட்சியின் ஆதரவோடு வந்தவர். இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு இருவரையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. எங்கள் மக்களின் கோபத்துக்குக் காரணம் அந்த நிழல்தான். ஆனால் வந்த மனிதரெல்லாம் அந்த நிழலே என்பதும் நேர்மையாகாது.

இதிலிருந்து பிறந்த பலன் வந்தவர்களின் கணக்குப்படி மட்டும் நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அதே மெதடிஸ்தப் பள்ளிக்கூடத்தில் பீற்றர் பேர்சிவலோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். ஒஸ்வால்ட் எய்டனுக்கு மொழிபெயர்த்தான், அந்த மதத்தையும் கைக்கொண்டான். நாவலர் பேர்சிவலுக்கு மொழிபெயர்த்தார், சைவராகவே நின்றார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியில் கற்ற காரைதீவு மயில்வாகனம் சுவாமி விபுலாநந்தராகி, கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். கட்மனின் கையில் யாழ் வந்தது போல, கல்வி என்ற கருவி நம்மவர் கைக்கு வந்தது. பாட்டை நம்மவரே தீர்மானித்தார்கள். யாழைப் பற்றியே பெருநூல் செய்தவரும் அந்த விபுலாநந்தர்தான் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது. அதன் முதல் ஆயராகத் தமிழரான யோசப் பொன்னையா ஆண்டகை நியமிக்கப்பட்டார். எய்டன் படிப்பித்த சிறுவன் ஈட்டா அந்தத் தீவின் மேற்றிராணியாரானான் அல்லவா? எந்த மண்ணிலும் அயலார் கொண்டுவந்தது நிலைப்பதாயின் அப்படித்தான் நிலைக்கிறது.

அந்த மாணவனுக்கு மறுமொழி சொல்ல எனக்குச் சில வாரங்கள் எடுத்தன. வகுப்பில் எய்டனின் கதையையும் கோர்மனின் கதையையும் சொன்னேன். வெள்ளைக்காரர் எப்போதும் வேதக்காரர் அல்லர். அவர்களுக்கும் வேறொரு தேசத்தார் வந்து, விளங்காத மொழியில் பேசினார்கள். ஒருவர் அவர்களை முரடர் என்று சொல்லிவிட்டுப் போனார், இன்னொருவர் தங்கினார் என்றேன். பையன் யோசித்துவிட்டு, "அப்ப சேர், முரடர் எண்டு சொன்ன ஆள்ட பேர ஒருத்தருக்கும் தெரியாது, என்ன?" என்றான்.

அன்றைக்கு மாலை கோயில் வாசலைக் கடந்து வரும்போது என் பழைய ஆசிரியர் நினைவுக்கு வந்தார். அவரும் ஒரு கோர்மன்தான். வல்லுணவைக் கொடுத்துவிட்டு, பிள்ளை உண்ணவில்லை என்று கோபித்தவர். அவரை மன்னிக்க முடிந்ததா என்றால், முழுதும் இல்லை. ஆனால் அவருக்காக ஓல்ட்டின் மேல் கோபப்படுவதை அன்றோடு விட்டுவிட்டேன். அம்மம்மா சொன்ன திருநீறும் அழியவில்லை. பள்ளிக்கூடம் தந்த எழுத்தும் அழியவில்லை. இரண்டோடுமே இந்த வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.